90 கிராம் ஸ்விம்பெய்ட் எறிய எந்த பிரெய்டு (பின்னல் நூல்) சரி?

அண்ணன்மாருக்கு வணக்கம். நான் திருவொற்றியூர். எண்ணூர் முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) எறிகிறவன். இதுவரை 20, 25 கிராம்தான் பழக்கம். போன மாதம் ஆசைப்பட்டு 8 அங்குல ஸ்விம்பெய்ட் (நீந்தும் மீன் மாதிரியான லூர்) ஒன்று வாங்கினேன். எடை 90 கிராம்.

பெய்ட்காஸ்டரில் (வீசும்போது ஸ்பூலே சுழலும் ரீல்) 30 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, எட்டு இழை பின்னியது. ஞாயிறு விடியற்காலை நாலாவது வீச்சில் ரீல் சிக்கி, படீரென்று ஒரு சத்தம். லூர் தனியாகப் பறந்துபோய்த் தூரத்தில் விழுந்தது. முடிச்சு விடவில்லை. ஸ்பூலில் சுற்றுக்குள் சுற்று புதைந்த இடத்திலேயே நூல் அறுந்து, நுனி பஞ்சாகப் பிரிந்திருந்தது. காசு போனதை விட, பங்குனி ஆமை வந்துபோகும் கடலில் அத்தனை நூலை விட்டுவிட்டோமே என்றுதான் மனசு கேட்கவில்லை.

மெல்லிய பிரெய்டு புதையும், தடித்தது அவ்வளவாகப் புதையாது என்பது புரிகிறது. 65 பவுண்டு போதுமா, நேரே 80க்குப் போகலாமா? 80 போட்டால் என் சின்ன ஸ்பூலில் எத்தனை மீட்டர் ஏறுமோ என்று யோசனை.

அப்புறம் இழை விஷயம். எட்டு இழை வழுவழுப்பாக ஓடுகிறது, ஆனால் நம்ம தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போட்ட அலைத்தடுப்பு) கற்களில் சிப்பி ஒட்டியிருக்கிறது, உரசினால் தாங்குமா? நாலு இழைக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவில் கட்டும் நூல்) 60 பவுண்டு ஃப்ளோரோகார்பன், அதை பிரெய்டோடு இணைப்பது எஃப்ஜி முடிச்சு. இந்த எடைக்கு முடிச்சைக் கம்பின் நுனி வளையத்துக்கு வெளியே வைத்து எறிவதா, ஸ்பூலுக்குள் சுற்றிவிடுவதா?

பெரிய லூர் எறிந்து பழகியவர்கள் சொல்லுங்கள் அண்ணே. சனிக்கிழமைக்குள் நூல் வாங்கியாக வேண்டும்.