பருவமழைக்கு முன் ஊராட்சியில் ஒருநாள் பேரிடர் பயிற்சி: எதை வைப்பது, எதை விடுவது?

உப்பளத்தான்
வேதாரண்யம் பக்கம் கடலோர ஊராட்சி. செப்டம்பர் கடைசியில் 40 தன்னார்வலர்களுக்குப் பயிற்சி. பாதிப்பேர் மீனவ இளைஞர்கள், பாதிப்பேர் மகளிர் குழுவினர். கையில் இருப்பது பள்ளி வளாகம், ஒரு புரொஜெக்டர், 2 சிபிஆர் (நின்ற இதயத்துக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பொம்மைகள். வரைவு நிரலில் காலை முழுக்க உரைகள் (2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம், பேரிடர் அபாயத்தைக் குறைக்க ஐ.நா. நாடுகள் ஏற்ற செண்டாய் கட்டமைப்பு, துறைகளின் பொறுப்புகள்), 3 மணிக்கு ஒத்திகை. இது சரிப்படுமா?

வடம்பிடி
சரிப்படாது. உரையெல்லாம் சேர்த்து 20 நிமிடம் போதும். 10 பேராக நான்கு குழு, நான்கு இடம், இடத்துக்கு 40 நிமிடம். இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் 3 மணி நேரத்தில் முடியும்.

சிபிஆர்: ஆளுக்கு 2 நிமிடம் என்றால், 2 பொம்மையில் 10 பேருக்கு ஒரு சுற்று 10 நிமிடம். மூன்று சுற்று வரும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5–6 செ.மீ. ஆனால் கடலோரத்தில் கைகளால் அழுத்துவதை மட்டும் கற்றுக்கொடுத்தால் பாதிப் பாடம்தான். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதிவிட்டு (சில வழிகாட்டிகளில் 2) 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடர வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், ஆளைத் தூக்கிச் சுற்றுவதும் கூடவே கூடாது. வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும், நேரமும் போகும்.

கயிறு வீச்சு: 20 லிட்டர் கேனில் 15 மீட்டர் கயிறு கட்டி, உள்ளே 1 லிட்டர் தண்ணீர் விட்டு இறுக மூடுங்கள். காலி கேனைக் காற்று அடித்துப்போகும். கயிறு பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும், மிதக்கும், நைலான் மூழ்கும். ஆளைக் குறிவைக்காமல், தலைக்கு அப்பால் விழும்படி வீசினால் கயிறு தோள்மேல் விழும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வீசுகிறவர்தான் அடுத்துத் தண்ணீருக்குள் போவார். இதை மட்டும் பத்து தடவை சொல்லுங்கள்.

மூன்றாவது இடம் குடிநீருக்குக் குளோரின் போடுவது, நான்காவது போர்வையும் இரண்டு மூங்கிலும் வைத்து ஸ்ட்ரெச்சர்.

கூண்டு எண் 11
மதியம் நேரே ஒத்திகைக்குப் போக வேண்டாம். முதலில் ஒரு மணி நேரம் மேசைப் பயிற்சி. ஊர் வரைபடத்தைச் சார்ட்டில் வரைந்து விரித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள்: ‘மாலை 6: சிவப்பு எச்சரிக்கை’, ‘இரவு 9: முகாமுக்குப் போகும் சாலையில் புளியமரம் விழுந்தது’, ‘10: செல்போன் டவர் இல்லை’.

‘ஏற்பாடு செய்வோம்’ என்ற பதிலை ஏற்கக் கூடாது. யார், எந்த வண்டி, பள்ளிச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பெரும்பாலும் சாவியில்தான் மாட்டும்: தலைமையாசிரியர் வெளியூர், காவலாளி போனை எடுக்க மாட்டார். டவர் சீட்டு வந்ததும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐ நம்பியிருந்த திட்டம் அப்படியே படுத்துவிடும். அப்போது சைக்கிளில் போகிற ஆளின் பெயர் வரைபடத்தில் ஏற வேண்டும்.

ஒரு சீட்டு ‘காற்று திடீரென நின்றது’ என்று இருக்கட்டும். புயலின் கண் கடக்கிற நேரம் அது. வெளியே வந்து கூரை ஓட்டைச் சரிசெய்யப் போனால், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அறையும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தது உங்கள் பக்கம்தானே, சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

உப்பளத்தான்
நன்றி. முகாமுக்கு வகுப்பறைக்கு 50 பேர் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். அது சரியா? உங்கள் பெயரில் இருக்கும் 11, பெரிய புயலுக்குத் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுதானே?

கூண்டு எண் 11
பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரும் அபாயம் 8, 9, 10. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்றால்தான் 11.

மஞ்சள்சட்டை
50 என்றால் உட்காரலாம், படுக்க முடியாது. ஸ்பியர் (நிவாரண முகாம்களுக்கான சர்வதேசக் குறைந்தபட்சத் தரம்) அளவு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 20க்கு 20 அடி வகுப்பறை 37 சதுர மீட்டர், அதாவது 10 பேர். ஓரிரு இரவு நெருக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அடுத்த கட்டடத்தைத் தேடுங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 15 லிட்டர், 300 பேருக்கு 4,500. கழிப்பறை தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று.

குளோரின் பாடத்துக்கு: 1,000 லிட்டருக்கு 33 சதவீத ப்ளீச்சிங் பவுடர் 2.5 கிராம். பக்கெட்டில் கூழாகக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி கழித்துக் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் கருவி) பாருங்கள், லிட்டருக்கு 0.5 மி.கி. காட்டாவிட்டால் இன்னும் சேர்க்க வேண்டும். போன வருடம் பிரித்த மூட்டை என்றால் வீரியம் போயிருக்கும், அளவு பொய்க்கும்.

ஜெனரேட்டரை வராந்தாவில் வைக்காதீர்கள், புகை அறைக்குள் வரும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (தெரு மின் இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுவது) இல்லாமல் பிளக்கில் சொருகி ஓட்டினால் மின்சாரம் தெருக்கம்பிக்கு ஏறும். அங்கே கம்பத்தில் லைன்மேன் நிற்பார். ஒத்திகையன்றே ஜெனரேட்டரை இரவில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், டீசல் எவ்வளவு குடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.