புதுப்பிப்பு: ஒரே டிக்கெட்டா, இரண்டா?

எங்கள் தீவிலிருந்து வாரத்துக்கு மூன்றே விமானங்கள், நடுவில் மாறும் ஊர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறொன்று என்று எடுத்தால் மலிவாக வருகிறது, எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். எடுக்கவில்லை. ஒரே முன்பதிவாகப் போட்டுவிட்டேன்.

பயமுறுத்தியது பெட்டிதான். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்குக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும், அந்த நாட்டு விசா தேவைப்படலாம். அமெரிக்கா வழியாக என்றால், விமானம் மாற மட்டும் இறங்கினாலும் பெரும்பாலான நாட்டவருக்கு விசாவோ, எஸ்டா (விசா விலக்கு உள்ள நாட்டவர் இணையத்தில் முன்கூட்டியே வாங்குவது) அனுமதியோ வேண்டும். இதை நான் யோசிக்கவே இல்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. பணம் கட்டிப் பத்து நாளில் முதல் விமானத்தையே மறுநாளுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்தையும் அவர்களே இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாக எடுத்திருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு நான் வெறும் ‘வராத பயணி’.

சரி, மிச்சம் பிடிக்க நினைத்த காசு போனது போனதுதான். திரும்பும்போது நடுவில் பதினான்கு மணி நேரக் காத்திருப்பு வேறு. அதற்குத் தலையணை வாங்கியாயிற்று.