சிறந்த கேடட் விருது: யாருக்குக் கொடுப்பது, என்ன கொடுப்பது?

காலடிப்பேட்டைக்காரன்

வணக்கம். வடசென்னையில் ஒரு கல்லூரியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) ஆர்மி விங்கில் இருந்தவன் நான். இப்போது மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. எங்கள் பேட்ச் ஆட்கள் காசு போட்டு, வருஷத்துக்கு ஒரு கேடட்டுக்கு விருது கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். நவம்பர் நான்காவது ஞாயிறு என்.சி.சி. தினம், அதையொட்டிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். கல்லூரியில் என்.சி.சி.யைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரான ஏ.என்.ஓ. சாரிடம் போய்ச் சொன்னால், "கொடுங்கப்பா, ஆனா யாருக்குன்னு விதியை நீங்களே எழுதிக்கிட்டு வாங்க" என்றார். எழுத உட்கார்ந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை.

பாதிப் பேர், ஆர்.டி.சி. (டெல்லி குடியரசு தின முகாம்) போய் வந்த பையனுக்குத்தான் என்கிறார்கள். ஆர்.டி.சி. சும்மா கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். முகாம் முகாமாக வடிகட்டி, தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அணியாக ஜனவரியில் டெல்லி போகிறார்கள். கரியப்பா மைதானத்தில் பிரதமர் முன்னால் அணிவகுப்பு. ஆனால் அந்தப் பையனுக்கு பிளேசர் வந்தாச்சு, கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தாச்சு, வட்டச் செயலாளர் சால்வையும் போட்டாச்சு. நாமும் போய் அதே தோளில் இன்னொரு சால்வையா?

என் மனதில் இருப்பவன் வேறு. காசிமேட்டுப் பையன், மூன்றாம் வருஷம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். பையன் ராத்திரி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிவிட்டு, சனிக்கிழமை பரேடுக்கு எல்லோரும் வரிசையில் நிற்பதற்கு முன்பே ஷூ பளபளக்க வந்து நிற்பான். முதல் வருஷத்தில் ஒருவனுக்கு இடது காலும் இடது கையும் சேர்ந்தே போகும். வேகமாக நடக்கச் சொல்லும் 'தேஸ் சல்' கட்டளை வந்தாலே ஸ்குவாடு முழுக்கச் சிரிப்பு. இவன் அவனை மரத்தடிக்குக் கூட்டிப் போய், ஒரு வார்த்தை திட்டாமல் நடக்க வைத்ததை நானே பார்த்தேன். ரேங்கில் கீழ்ப்படியான லான்ஸ் கார்ப்பரல்தான். பேப்பரில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் நின்றுவிடும். முகாம் மே மாதம் வந்தது. இவன் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டான்.

இப்படிப்பட்டவனும் மேலே வருகிற மாதிரி விதி எழுத முடியுமா? இல்லை, பிடித்த பையனுக்காக விதியை வளைக்கிறேனா? நேராகச் சொல்லுங்கள். அப்புறம், கேடயம் தவிர என்ன கொடுக்கலாம்?

ஓய்வுபெற்ற ஹவில்தார்

தம்பி, விருது கிடக்கட்டும். அந்தப் பையன் இதுவரை எத்தனை முகாம் போயிருக்கிறான்? என்.சி.சி. 'பி' சான்றிதழுக்கு ஒரு முகாம் போதும். அதற்கு அடுத்த படியான 'சி'க்கு இரண்டு வேண்டும், பரேடில் 75 சதவீத வருகையும் வேண்டும். மே முகாமை விட்டிருந்தால் கையில் ஒன்றுதான் இருக்கும். தேர்வு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும். நவம்பரில் மாலை போட்டுவிட்டு பிப்ரவரியில் அவனை வெளியே நிற்க வைக்காதீர்கள். நாளைக்கே ஏ.என்.ஓ.வைக் கூட்டிக்கொண்டு யூனிட்டுக்குப் போய், அடுத்த சி.ஏ.டி.சி. (ஆண்டுப் பயிற்சி முகாம்) பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்து நாள் முகாம். அந்தப் பத்து நாள் கூலியை உங்கள் பேட்ச் அவன் வீட்டில் கொடுக்கட்டும்.

இன்னொன்று. கேடட்களில் மேல் ரேங்கான சீனியர் அண்டர் ஆபீசருக்கே விருதையும் தூக்கிக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. தோளில் இருக்கும் ரேங்கே அவருக்குப் பரிசுதானே?

பெண்கள் பிரிவு ஏ.என்.ஓ.

காலடிப்பேட்டை சார், நீங்கள் வளைக்கவில்லை. ஆனால் பையனை மனதில் வைத்து எழுதாதீர்கள், வேலையை மனதில் வைத்து எழுதுங்கள்.

பெரிய அளவில் சாதித்தவர்களுக்கு ஏற்கனவே வழி இருக்கிறது. டைரக்டர் ஜெனரல் பாராட்டு அட்டை, 1989இல் ஆரம்பித்த ரக்‌ஷா மந்திரி பதக்கம் எல்லாம் பரிந்துரையாக மேலே போய் வருபவை. கல்லூரி விருது அதையே சின்னதாக நகல் எடுக்க வேண்டாம். ஒரு கேடட்டின் உழைப்பில் மேலே யாருக்கும் தெரியாதது எதுவோ, அது கல்லூரிக்குத் தெரியும்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். வருகைப் பதிவேடு முதலில். அதில் தேறியவர்களிடம் ஆளுக்கு நாலு முதல் வருஷ கேடட்களைக் கொடுத்து, மேப் ரீடிங்கில் ஒரு பாடம் நடத்தச் சொல்வோம். காம்பஸை எப்படிப் பிடிப்பது, பேரிங் (திசைக் கோணம்) எப்படி எடுப்பது, அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து அந்த நாலு பேருக்கும் சோதனை வைத்தால், சொல்லிக் கொடுத்தவரின் தரம் தெரிந்துவிடும். முதல் வருஷத்தினர் பெயர் போடாத சீட்டில் ஒருவர் பெயரை எழுதிப் போடுவார்கள். ஸ்டோர் ரூமில் யார் பெல்ட், லேன்யார்டு எண்ணி வைத்தது என்று பியூன் அண்ணனிடமும் கேட்போம். அவர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆங்கிலத்தில் குழு விவாதம் மட்டும் வைத்துவிடாதீர்கள். நல்ல கேடட்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

தண்டையார்பேட்டை எஸ்.டபிள்யூ.

அண்ணா, கேடயம் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் இருக்கும் கேடயம் டி.வி. மேல் நிற்கிறது, அம்மா வாரா வாரம் துடைக்கிறார்.

எஸ்.எஸ்.பி., அதாவது ராணுவ அதிகாரி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிற செலவுக்குக் கொடுங்கள். 'சி'யில் குறைந்தது பி கிரேடும், டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால், என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்ற வழியில், அதிகாரி வேலைக்கு மற்றவர்கள் எழுதும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக நேர்முகத் தேர்வுதான். இதுவே எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், அதில் தேறியவர்கள் போய்ச் சேரும் ஓ.டி.ஏ. (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பரங்கிமலையில், பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் போய்விடலாம். நேர்முகத்துக்கு மட்டும் பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு என்று அலைய வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் தருவார்கள், ஆனால் டிக்கெட்டை முதலில் நாம்தான் எடுக்க வேண்டும். ஃபார்மல் பேன்ட், சட்டை, லெதர் ஷூ, பெட்டி இதெல்லாம் வேறு. முதல் நாள் ஸ்கிரீனிங்கில் படத்தைப் பார்த்துக் கதை எழுதிப் பேசுவதில் வெளியே வந்துவிட்டால் அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்த மாதிரி திரும்பி வருகிறவர்களுக்கும் செலவு உண்டு என்று விதியிலேயே எழுதுங்கள்.

காலடிப்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஹவில்தார் சார், பையனிடம் கேட்டேன். நீங்கள் சொன்னபடி ஒரே ஒரு முகாம்தான். ஏ.என்.ஓ. சார் யூனிட்டில் பேசிவிட்டார், அடுத்த பட்டியலில் பெயர் வரும் என்கிறார்கள். கூலிப் பணம் குரூப்பில் போட்ட அன்றே சேர்ந்துவிட்டது, அதில் மட்டும் யாரும் சண்டை போடவில்லை.

மேடம் சொன்ன பாடம் நடத்தும் சோதனையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். ஆர்.டி.சி. பையனும் அதில் கலந்துகொள்வான், ஜெயித்தால் அவனுக்கே. பரிசாக எஸ்.எஸ்.பி. செலவு. போலீஸ் வேலைக்குப் போகிறவன் ஜெயித்தால் என்ன செய்வது என்று ஒருவன் இப்போதே ஆரம்பித்துவிட்டான். காவலர் தேர்விலும் என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது, அதற்கான புத்தகத்துக்கும் கோச்சிங்குக்கும் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.