பட்டியலிலிருந்து விலகும் நிறுவனத்தின் காகிதப் பங்குகள்: வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அப்பா நெடுங்காலமாகப் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை, மற்றவர்களின் பங்குகளையெல்லாம் வாங்கிக்கொண்டு பங்குச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள அதன் நிறுவனர் குடும்பம் முன்வந்துள்ளது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2021 விதிகளின்படி, ஏல முறையில் பங்குதாரர்கள் தாங்கள் கேட்கும் விலையைக் குறிப்பிடலாம் என்பதும், நிறுவனர் தரப்பின் பங்கு இருப்பு 90 விழுக்காட்டை எட்டினால்தான் விலகல் நிறைவேறும் என்பதும் படித்தறிந்தேன். அந்த அளவு எட்டாததால்தான் 2020 அக்டோபரில் சுரங்க நிறுவனமான வேதாந்தாவின் முயற்சி கைகூடவில்லை. ஏலத்தில் சேராதவர்களும் விலகலுக்குப் பின் ஓராண்டுக்குள் அதே விலைக்குக் கொடுக்கலாம் என்பது, சிறு முதலீட்டாளர்களைக் கைவிடாத நல்ல ஏற்பாடு.

எங்கள் சிக்கல் வேறு. பங்குகள் இன்னும் காகிதச் சான்றிதழ்களாகவே உள்ளன. ஒன்றில் காலமான பாட்டியின் பெயரும் கூட்டாக இருக்கிறது. பெயர் நீக்கத்துக்கு இறப்புச் சான்றிதழுடன் வேறு என்ன ஆவணங்கள் வேண்டும்? டீமேட் கணக்குக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) மாற்றாமலே கொடுக்க இயலுமா? அந்த ஓராண்டில் சந்தைக்கு வெளியே விற்றால் மூலதன ஆதாய வரி மாறுமா? இவ்வழியில் பங்கு கொடுத்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.