பங்குனியில் அம்மாவோடு நடக்க அமைதியான இடம் சொல்லுங்கள்

குரோம்பேட்டை வாசி:
அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. வயலும் தோப்புமாக வாழ்ந்தவர். எங்கள் அடுக்குமாடி வீட்டில் அவருக்கு மூச்சு முட்டுகிறது. மரநிழலில் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிவர வேண்டும். கடற்கரை வேண்டாம், கூட்டம். எங்கே போகலாம்?

வேப்பம்பூ:
அடையாறு பிரம்ம ஞான சபைக்குக் கூட்டிப்போங்கள். தியசாபிகல் சொசைட்டி என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். சபையை நிறுவிய ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882-ல் ஆற்றின் தென்கரையில் வாங்கிய தோட்டம் அது. உள்ளே கொஞ்ச தூரம் போனதுமே ஹாரன் சத்தம் அடங்கிக் குயில் கேட்க ஆரம்பிக்கும்.

என் அப்பாவைக் கடைசி இரண்டு வருடம் அங்கேதான் கூட்டிப்போனேன். பங்குனியில் புங்க மரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவினது போலத் தளிர்விட்டிருக்கும். பாதையெல்லாம் பொரி சிந்தினது போலப் பூ. அதை மிதிக்க மனம் வராமல் அப்பா ஓரமாகவே நடப்பார்.

ஆலமரத்துக்கு மெதுவாகப் போங்கள், அவசரமே வேண்டாம். அதன் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள்தான். அன்னி பெசன்ட் பேசிய நிழல் அது. ஒரு இளம் விழுதின் நுனியை அம்மாவுக்குக் காட்டுங்கள்: தலைமுடி போல மெல்லியதாக, ஈரமாகத் தொங்கும். மண்ணைத் தொட்ட பிறகுதான் அது பருக்கத் தொடங்கும். பக்கத்திலேயே இரு கை கொண்டு கட்டிப்பிடிக்க முடியாத விழுதும் நிற்கும். அப்பா ஒவ்வொரு தடவையும் இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். அவர் போன பிறகு நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆற்றங்கரைக்காரன்:
பார்வையாளர் நேரம் குறைவு, அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மாவுக்குப் பிடிமானமான செருப்பு முக்கியம், சருகு வழுக்கும்.

குரோம்பேட்டை வாசி:
போய்வந்தோம். ஆலமரம் வரை போக அரை மணி நேரம் ஆனது, இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். புங்க மரத்தைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். நடவுக்கு முன்னால் சேற்றில் புங்கந்தழை மிதித்த கதையை அங்கேயே சொல்ல ஆரம்பித்தார், எனக்கு இதுவரை சொல்லாதது. வேப்பம்பூ, அடுத்த சனிக்கிழமை காலை மறுபடியும் போகிறோம். நீங்களும் வருகிறீர்களா?

வேப்பம்பூ:
சரி, வருகிறேன். வாசலில் நிற்கிறேன்.