காமா-ஒரைசனாலுக்குத் தமிழ்ப்பெயர்

> அரிசித்தவிட்டு எண்ணெயில் உள்ள காமா-ஒரைசனாலைத் ‘தவிட்டெசுத்தர்’ எனலாமா? இலங்கைப் பாடநூல்களில் ‘எசுத்தர்’ வழக்கில் உள்ளது. ‘-ஓல்’ (-ol) என்ற ஆங்கில ஈற்றைப் பார்த்து வெறும் ஆல்ககால் என்று மயங்குவதும் தீரும்.

வணக்கம் ஐயா. எசுத்தர், அதாவது அமிலமும் ஆல்ககாலும் இணைந்த சேர்மம், என்பது சரிதான். ஆனால் கொழுப்பு எல்லாமே எசுத்தர் என்பதால், இந்தப் பெயரில் தவிட்டெண்ணெய் முழுவதும் அடங்கிவிடும். நாம் பெயர் தேடுவதோ சுத்திகரிக்காத எண்ணெயில் 1 முதல் 2 விழுக்காடு வரை உள்ள ஒரு கூட்டத்துக்கு. 1954-இல் ஜப்பானில் பிரித்தெடுத்தபோது ஒரே சேர்மம் என எண்ணித்தான் ஒருமையில் பெயரிட்டார்கள். உண்மையில் அது கலவை: சைக்ளோஆர்ட்டினால், 24-மெத்திலீன்சைக்ளோஆர்ட்டனால், கேம்பெஸ்டெரால், பீட்டா-சிட்டோஸ்டெரால் முதலியவை ஃபெரூலிக் அமிலத்தோடு சேர்ந்த எசுத்தர்கள். ஆகவே பெயர் பன்மையில் அமைய வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான அமிலமும் அதில் தெரிய வேண்டும்.

> ஃபெரூலிக் அமிலம் = காய அமிலம்?

வேர் சரி. ஃபெரூலா என்பது பெருங்காயச் செடியின் பேரினம். 1866-இல் அந்தப் பிசினிலிருந்துதான் இவ்வமிலம் பிரிக்கப்பட்டது. ஆனால் நீரிழிவு பற்றிய கட்டுரையில் ‘காய அமிலம்’ என்றால் புண்ணுக்குப் போடும் மருந்தென்றே படிப்பார்கள். ‘பெருங்காய அமிலம்’ என்று முழுமையாக எழுதுவோம். சல்பேற்று, காபனேற்று போல இதன் எசுத்தர் ‘பெருங்காயேற்று’.

> பொதுமக்களுக்கு ‘தவிட்டெண்ணெய்ச் சத்து’ போதுமே?

போதாது. எல்லாப் புட்டியிலும் அது இருப்பதாக நம்பிவிடுவார்கள். அரிசி தீட்டியதுமே தவிட்டிலுள்ள லைபேஸ் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும்; உடனே சூடேற்றி நொதியை அடக்காவிட்டால் தனிக் கொழுப்பமிலம் நாளுக்கு நாள் ஏறும். அதை நீக்கக் காரம் சேர்க்கும்போது, ஃபீனால் தொகுதி கொண்ட ஒரைசனாலும் காரத்தில் கரைந்து சோப்புக் கசடோடு பெரும்பாலும் வெளியேறுகிறது. நீராவியால் அமிலம் நீக்கும் முறையில் பெரும்பகுதி தங்கும். ஒரைசனாலை அளக்கும் முறையும் நான் சொல்லும் ‘பெருங்காயேற்று’ என்ற பெயருக்குத் துணை நிற்கிறது: எண்ணெயை ஹெப்டேனில் கரைத்து 315 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்க்கிறோம். அங்கே உறிஞ்சுவது பெருங்காய அமிலப் பகுதி. கிடைப்பது மொத்த அளவு, தனித்தனிச் சேர்மத்தின் அளவன்று.

> ‘சர்க்கரையடக்கி’?

இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழக ஆய்வில், கொழுப்புணவு தின்ற எலிகளுக்கு ஒரைசனால் கொடுத்தபோது கொழுப்புத் தீனி மீதான நாட்டம் குறைந்தது, இன்சுலின் சுரப்பு மேம்பட்டது. எலியில் கண்டதை வைத்து மனிதருக்கு வாக்குறுதி தரும் பெயர் வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

தவிட்டு நார்ப்பொருளான அராபினோசைலானில் பிணைந்த பெருங்காய அமிலம் வேறு. பெருங்குடல் நுண்ணுயிரிகள்தான் அதன் பெரும்பகுதியை விடுவிக்கின்றன. அதையும் இந்தப் பெயருக்குள் இழுக்கக் கூடாது.

> பெருங்காயேற்றை ஏற்கிறேன் அம்மா. கோதுமை, மக்காச்சோளத் தவிட்டிலும் இவ்வகை எசுத்தர்கள் உண்டே?

ஆம் ஐயா, அதனால் ‘அரிசி’ முன்னே வரட்டும். பதிவு இது: அரிசித்தவிட்டுப் பெருங்காயேற்றுகள் (பன்மை), வணிக வழக்கு: ஒரைசனால்.