நம்ம தெருவோட நாடகக் குழு: உடை வேலை

தீபா: ஷேக்ஸ்பியரோட 'பன்னிரண்டாம் இரவு' முழுக்க இந்தக் காலத்து உடைதான்னு முடிவாயிருச்சு. ஆண் வேஷம் போடற வயோலாவுக்கும் அவகூடப் பிறந்த இரட்டையன் செபாஸ்டியனுக்கும் ஒரே மாதிரி சட்டை போதுமா அத்தை?

ராஜி அத்தை: போதாதும்மா, கோட் வேணும். சட்டை மட்டும்னா தோள் அகலம் காட்டிக் கொடுத்துடும். வயோலாவுக்குத் தோள்ல 1 செ.மீ. பேட் வை, இடுப்பு வளைவு இல்லாம நேரா வெட்டு. ரெண்டு கோட்டுக்கும் ஒரே துணிச் சுருள்ல இருந்து ஒரே நேரத்துல துணி எடுத்துடு. அப்புறமா வாங்கினா சாயம் மாறும். கையில பாக்கறப்போ தெரியாது, மேடை லைட்ல பளிச்சுனு தெரியும்.

ராஜி அத்தை: ரெண்டு பேரும் ஒரே உயரம் இல்லைன்னா கோட் நீளத்தை டேப் கணக்குல சமமா வைக்காதே. விளிம்பும் பாக்கெட்டும் ரெண்டு உடம்புலயும் ஒரே இடத்துல வரணும். தூரத்துல இருந்து பாக்கறவங்களுக்கு முகம் தெரியாது, வடிவம்தான் தெரியும்.

தீபா: வயோலாவுக்கு முதல் அங்கம் 2-ஆம் காட்சியில கவுன், 4-ஆம் காட்சியில ஆண் வேஷம். நடுவுல ஒரே காட்சிதான்.

ராஜி அத்தை: கவுனுக்கு அடியிலேயே சட்டை, முழங்கால் வரை மடிச்ச பேன்ட். கவுன் முதுகுப்பக்கம் முழுசா திறக்கணும், பெரிய பிரஸ் பட்டன் வை. வெல்க்ரோ வேண்டவே வேண்டாம், பிரிக்கிற சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்.

செந்தில் அண்ணா: கடைசிக் காட்சிக்கு வயோலாவுக்குப் பெண் உடை தைக்காதீங்க. அவ உடை கதைப்படி கப்பல் தலைவன்கிட்ட இருக்கு, அவன் ஒலிவியா சீமாட்டியோட காரியஸ்தன் மல்வோலியோ போட்ட வழக்குல ஜெயில்ல கிடக்கான். அந்தக் கோட்லயேதான் நாடகம் முடியுது. அதனால உள்துணி நல்லதா போடுங்க, வேர்வையில நைஞ்சு போகும்.

தீபா: மல்வோலியோவுக்கு மஞ்சள் டை போட்டா சரியா வருமா அண்ணா?

செந்தில் அண்ணா: வராதும்மா, கால்தான் தெரியணும். மஞ்சள் காலுறை, அது மேல குறுக்கே கட்டற பட்டி, ரெண்டுமே ஒலிவியாவுக்கு அறவே ஆகாது. அவளுக்குப் பிடிக்கும்னு ஒரு பொய்க் கடிதத்தை நம்பித்தான் மல்வோலியோ போடறான். அதுலதான் சிரிப்பே இருக்கு. முதல்ல எல்லாப் பட்டனும் போட்ட சாம்பல் சூட். 3-ஆம் அங்கம் 4-ஆம் காட்சியில மேல அதே கோட், கீழ அரை டிரவுசர், முழங்கால் வரை கால்பந்து சாக்ஸ். அதுவரை மேடையில யார் மேலயும் மஞ்சள் வரக் கூடாது, கைப்பை கூட.

செந்தில் அண்ணா: எலுமிச்சை நிறம் எடுக்காதே. ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) லைட்ல வெள்ளையா வெளுத்துடும், நீல லைட்ல கறுத்துடும். அடர் மஞ்சள் எடு, அந்தக் காட்சிக்கு வெள்ளை லைட்டே போடறேன்.

தீபா: பட்டிக்கு சாட்டின் ரிப்பன் இருக்கு.

ராஜி அத்தை: வழுக்கி கணுக்காலுக்கு வந்துடும். 2 செ.மீ. கறுப்பு எலாஸ்டிக், காலுக்குச் சுமார் 2 மீட்டர். நடிகர் சாக்ஸைப் போட்டிருக்கும்போதே சுத்தி, குறுக்கே சேர்ற இடத்தைச் சாக்பீஸால குறி. கழட்டினதும் சாக்ஸுக்குள்ள பெரிய பாட்டில் நுழைச்சு, குறிச்ச இடத்துல மட்டும் கையால தை. தட்டையா வெச்சுத் தைச்சா கால் நுழையறப்போ நூல் தெறிச்சுடும். பட்டிக்குள்ள ஒரு விரல் நுழையணும். ரத்த ஓட்டம் தடைபடுதுன்னு மல்வோலியோ வசனம் பேசட்டும், நடிகருக்கு நிஜமாவே கால் மரத்துடக் கூடாது.

தீபா: ஒலிவியாவோட துக்க உடை மொத்தமும் கறுப்பு சாட்டின்தான் அத்தை.

ராஜி அத்தை: மின்னும், துக்கமே தெரியாது. உடம்புக்கு மினுமினுப்பில்லாத கிரேப் துணி, கைக்கு லேஸ். ஒரே துணின்னா லைட்ல மடிப்பே தெரியாம கறுப்புத் திட்டா நிக்கும். முகத்திரையைச் சின்ன சீப்புல தைச்சுத் தலையில செருகு, ஒரு கையால தூக்க வரணும்.

செந்தில் அண்ணா: மஞ்சள் சாக்ஸ் 2 ஜோடி வாங்கிடு தீபா, ரெண்டுலயும் பட்டி தைச்சுடணும். அடுத்தடுத்த நாள் காட்சின்னா ஒண்ணு காயவே நேரம் இருக்காது.